கருவாட்டுக்கும் ஒடியலுக்கும் நடுவில்

பண்டமாற்றுக்காரனின் கெட்டித்தனம் என்னவென்றால், கொடுத்தவரும் வாங்கினவரும் தாங்கள்தான் நட்டப்பட்டோம் என்று நினைக்க வேண்டும். நினைத்தும் அடுத்த கிழமை வந்து நிற்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில், மிசின் பூட்டிய சின்ன வள்ளம் ஒன்றை வைத்துக்கொண்டு நான் பார்த்த தொழில் இது. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துப் பாதை இன்றைக்குத் திறக்கும், நாளைக்கு மூடும். கடையில் சாமான் இல்லாத காலத்தில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? நெடுந்தீவில் திரேசா அக்கா கருவாடு தருவார். புங்குடுதீவு மடத்துவெளியில் பூமணி அக்கா ஒடியல் தருவார். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில்தான் எங்கள் பக்கத்துக் கூழ். அங்கேயுள்ளதை இங்கே, இங்கேயுள்ளதை அங்கே. நடுவில் ஒரு பங்கு எனக்கு. அந்தப் பங்கில்தான் என் வீட்டு அடுப்பும் எரிந்தது, வள்ளத்து மிசினும் ஓடியது.

இரண்டு அக்காமாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. காணாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழிலுக்கு முதல். வள்ளமும் மிசினும் அதற்குப் பிறகு. கண்டார்களென்றால் என் வள்ளம் கரையில்தான். கடை வைத்தவர்களுக்கும் தரகு பார்த்தவர்களுக்கும் இந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அங்கேயும் பனை, இங்கேயும் கடல்

நெடுந்தீவில் பனை இல்லாத காணி இல்லை. புங்குடுதீவுக்குக் கடல் இல்லாத பக்கம் இல்லை. ஆகவே இரண்டு கரையிலும் எனக்குக் கிடைத்த முதல் ஏச்சு ஒன்றேதான்: எங்களிடம் இல்லாததையா நீர் கொண்டுவாறீர்?

ஒருநாள் திரேசா அக்கா பனையோலைக் கடகத்திலிருந்த ஒடியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, இது மெலிசு, இது முறிஞ்சது என்று ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தார். தன் வீட்டுக் கோடியில் நிற்கிற பனை போதும், தானே கிழங்கு போட்டுக் கிண்டிக் காயவைப்பேன் என்றார். எனக்கு ஏறிவிட்டது. அப்படியென்றால் செய்யுங்கோ என்று கடகத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வள்ளத்துக்கு நடந்தேன். தண்ணீரில் கால் வைக்கவில்லை, பின்னால் கூப்பிட்டுக் கேட்டது. திரும்பினால், அவருடைய புருசன் மரியானின் வள்ளம் அப்போதுதான் கரையேறியிருந்தது. மீன் குவியலாகக் கிடந்தது. அக்காவின் கை முழங்கை வரைக்கும் உப்பு.

"கிழங்கு நிலத்துக்குள்ளை கிடக்கும் தம்பி, மீன் கிடக்காது. கொண்டந்து வையும். ஆனால் உது ஒடியல் இல்லை, ஈர்க்கில்."

வீச்சு வலை

பூமணி அக்காவின் புருசன் சின்னத்துரை அண்ணைக்கு மிளகாய்த் தோட்டம். நல்ல கமக்காரன், கடலுக்கு முதுகைக் காட்டியே ஆயுளில் பாதியை ஓட்டிய மனுசன். அவருக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் வந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல் கிடக்க, எதற்காகக் கடகம் கடகமாக ஒடியலை இவனுக்குக் கொட்ட வேண்டும்? யாரிடமோ வீச்சு வலை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பின்னேரம் இறங்கிவிட்டார். நான் கருவாட்டுக் கட்டோடு வேலிப் படலையடியில் நிற்க, அவர் நனைந்த சாரத்தோடு வந்து, துள்ளத் துள்ளத் திரளி மீன் ஒரு பை நிறையக் காட்டி, இனி உம்முடைய உப்புக்கட்டி இந்த வளவுக்குத் தேவையில்லை என்றார்.

நான் சும்மா இருப்பேனா? வலை வீசுகிற கையைப் பார் என்று தொடங்கி, அவருடைய பரம்பரை வரைக்கும் போகப் போனேன். அதற்குள் தோட்டப் பக்கம் ஒரு சத்தம். வழக்கமாகப் பின்னேரத்தில் அவர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு அங்கே நிற்பார். அந்த ஓட்டை வேலிக்கு அவர்தான் காவல். அன்றைக்குக் காவல் கடலில் நின்றபடியால் ஆடுகள் உள்ளே நின்றன. நாங்கள் போய்ப் பார்க்கும்போது வரிசைக்கு மொட்டைத் தண்டுதான் மிச்சம். பூமணி அக்கா பின்னாலேயே வந்து பார்த்தார். என் கையிலிருந்த கருவாட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு, புருசனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, மீன் சும்மா கிடைச்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒரு பாத்தி மிளகாயைக் குடுத்தெல்லோ வாங்கியிருக்கிறியள்."

அம்மன் கோவிலுக்கு வள்ளம்

நயினாதீவு அம்மன் கோவில் திருவிழா என்றால் குறிகட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்காது. பஸ் வந்து கொட்டக் கொட்ட, வள்ளங்கள் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதே நாள் நெடுந்தீவில் திரேசா அக்கா நல்ல பாரைக் கருவாடு கட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வள்ளம் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் போகும். நான் அம்மன் பக்கம் முடிவெடுத்தேன். விடிய முன்னம் வள்ளத்தைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சி, மஞ்சள் தண்ணி தெளித்து, முன் அணியத்தில் வேப்பிலையும் கட்டினேன்.

புளியங்கூடலிலிருந்து வந்த ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை, முதலாவதாக ஏறி இருந்தார். மூக்கை இரண்டு தரம் சுழித்தார். எழும்பினார். இறங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற சனம் முழுவதும் அடுத்த வள்ளத்துக்குப் போனது. அம்மனைக் கும்பிடப் போகிறீர்களா, வள்ளத்தை மோந்து பார்க்கப் போகிறீர்களா என்று நான் கத்தினதுதான் மிச்சம். வெறும் வள்ளத்தோடு பின்னேரம் நெடுந்தீவுக்குப் போனால், பாரைக் கருவாட்டை வேறொருவன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று கணக்குப் பார்த்து இரண்டையும் விட்டவர்கள் உங்களில் இருந்தால், கையைக் கொடுங்கள். அந்தக் கருவாட்டைக்கூட மறந்துவிட்டேன். அந்தப் பெரியவர் இறங்கும்போது சொன்னதை இன்னும் மறக்க ஏலாமல் இருக்கிறது:

"கோவிக்காதையும் தம்பி. அடுத்த வருசம் மரக்கறி சாப்பிடுற வள்ளமாய்ப் பார்த்துக் கொண்டுவாரும், ஏறுறம்."

பஸ் வராத மத்தியானம்

நான் பயந்தது கடைசியில் நடந்தேவிட்டது. திரேசா அக்கா கண்ணாடி மாற்ற யாழ்ப்பாணம் போகவென்று ஆளேற்றுகிற லோஞ்சில் வந்து குறிகட்டுவானில் இறங்கியிருக்கிறார். பூமணி அக்கா பட்டணத்திலிருக்கும் தங்கச்சிக்கு ஒடியல் கொண்டுபோக அங்கே வந்து நின்றிருக்கிறார். பாதை மூடிவிட்டதாம், பஸ் வரவில்லை. மண்ணெண்ணெய்ப் பரலை உருட்டிக்கொண்டு வந்த நான் பார்க்கிறேன், இரண்டு பேரும் ஒரே மரக்குற்றியில் இருந்து ஒரே வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திரேசா அக்காவின் கையில் ஒரு துண்டு ஒடியல். தனக்கு வருகிற ஒடியலும் இதே சீராகத்தான் கிழித்திருக்கும் என்கிறார். அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். ஒரு கடகத்துக்கு நீங்கள் எத்தனை கட்டு கொடுக்கிறீர்கள், என் கைக்கு எத்தனை கட்டு வருகிறது.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பரலை நிமிர்த்திவிட்டுத் தொடங்கினேன். மண்ணெண்ணெய் இல்லாத கதை, மிசின் மக்கர் பண்ணுகிற கதை, கடலில் நேவியின் சாம்பல் நிறக் கப்பல் நின்றால் பாதியில் திரும்பி ஓடிவருகிற கதை. ஒன்றும் பொய்யில்லை. கொஞ்சம் உரத்துச் சொன்னேன், அவ்வளவுதான். பூமணி அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து லோஞ்சிலேயே கட்டைக் கொண்டுவந்து கைக்குக் கை மாற்றிக்கொள்வதாக இரண்டு பேரும் அங்கேயே பேசி முடித்தார்கள். திரேசா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் பதமாகச் சொன்னார்:

"ஓம் தம்பி, கடல் பொல்லாததுதான். ஆனால் என்ரை கருவாட்டுக் கட்டிலை பாதியைத் தின்னுற அளவுக்குக் கடலுக்குப் பசி இல்லை."

எல்லாம் நானே

எனக்குக் கோபம் வந்தால் வேலை செய்வேன். உப்புப் போட எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கருவாட்டு வாடியில் கிடந்து அடி வாங்கிப் பழகினவன் நான். கிழங்கு கிழிக்கத் தெரியாதா? வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, இரண்டையும் நானே செய்யத் தொடங்கினேன். மிசினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொடுத்து மீன் வாங்கினேன். பின் வளவில் கிழங்கு கிண்டினேன்.

ஒன்று சொல்லுகிறேன், இன்றைக்கும் சொல்லுவேன்: என் கருவாடு திரேசா அக்காவினதைவிடத் திறம். என் ஒடியல் பூமணி அக்காவினதைவிட வெள்ளை. என்ன, மீனைப் புரட்டப் போனால் ஒடியலில் காகம்; காகத்தைக் கலைக்கப் போனால் மீனில் நாய். நான் கிழங்கோடு மாய, என் துறையில் வேறு வள்ளம் கட்டியாகிவிட்டது. கவிழ்த்து வைத்த வள்ளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை கேட்டுப் போனார் ஒருவர். திரும்பி வந்தால் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். மாதக் கடைசியில் கையில் ஒரு கட்டுக் கருவாடு, ஒரு கடகம் ஒடியல். இரண்டும் முதல் தரம். விற்க எடுத்துப்போக வள்ளம் ஓட்ட நேரமில்லை. அதை என்ன செய்வது? வீட்டில் கூழ் காய்ச்சினோம். என் மனைவி ஒரு வாய் குடித்தாள். இரண்டாம் வாய் குடித்தாள். சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு வள்ளத்தைக் காய்ச்சிக் குடிச்ச மாதிரி இருக்கு."

நல்ல மனுசிகள்

அவர்கள் எப்படி வியாபாரம் பண்ணுகிறார்கள் என்று பார்த்துச் சிரிக்கத்தான் துறைக்குப் போனேன். திரேசா அக்கா கருவாட்டை வைக்கிறார். பூமணி அக்கா, ஐயோ அக்கா இவ்வளவு வேண்டாம் என்று பாதியைத் திருப்பித் தள்ளுகிறார். தள்ளினதை அவர் திரும்ப இவர் பக்கம் தள்ளுகிறார். ஒடியலுக்கும் அதே தள்ளுமுள்ளு. யாரும் எண்ணவில்லை, யாரும் மோந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் சுகமா, பல்லுக்கொதி மாறிவிட்டதா என்று விசாரித்துச் சாப்பாட்டுப் பொதியைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். இப்படி ஒரு வியாபாரத்தை நான் கண்டதேயில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

ஆனால் அந்தக் கிழமையே பூமணி அக்கா என் வீட்டுப் படலையைத் திறந்தார். கருவாட்டில் உப்புக் காணாதாம், புழு வைக்கிறதாம். திரேசா அக்கா லோஞ்சுக்கு ஓடுகிற அவதியில் அரை உப்போடு விட்டுவிட்டு வருகிறாராம். இங்கேயும் துறையில் ஒரு பகல் போக, தோட்டத்துக்குள் ஆடு போகிறதாம். ஏன், முகத்துக்கு நேரே சொல்வதுதானே என்றேன். பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்து தந்த மனுசியிடம் எப்படிச் சொல்வது என்றார். மறுநாள் மரியான் வந்தார், அங்கிருந்து அதே கதை: ஒடியல் பூஞ்சணம், தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு எந்த வாயால் சொல்லுகிறதாம்.

வள்ளத்தை இறக்கச் சொல்லிப் பூமணி அக்கா திரும்பவும் வந்தபோது நான் விடவில்லை. வள்ளம் இறங்க வேண்டுமென்றால் பழைய பங்குக்கு மேலே வேண்டும் என்றேன். பூமணி அக்கா எழும்பி நின்று, என்னை அட்டை, விடாக்கண்டன், பகல் கொள்ளைக்காரன் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பேசினார். அவருடைய முகம் அவ்வளவு தெளிந்திருந்ததை நான் மாதக்கணக்காகக் காணவில்லை. கடைசியில் பழைய பங்குதான். அன்றைக்கே வள்ளத்தை இறக்கினேன்.

நெடுந்தீவில் திரேசா அக்கா கடகத்துக்குள் கையை விட்டார். பூஞ்சணம் பிடித்ததை எடுத்து என் காலடியில் எறிந்தார். மரியான் எழும்பி அப்பால் போகும் வரைக்கும் ஏசினார். நானும் குறை வைக்கவில்லை; உப்பைப் பற்றிப் பூமணி அக்கா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு, மடத்துவெளித் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லும்படி சொல்லி, பிள்ளைக்கென்று ஒரு பார்சலும் தந்தார். பூஞ்சணத்தையும் சேர்த்துச் சொல்லவா என்று கேட்டேன். அக்கா திடுக்கிட்டுப் போனார்.

"விசரே உமக்கு? அவ நல்ல மனுசி, அவவிட்டை அப்பிடிச் சொல்லக் கூடாது. உம்மட்டை எண்டால் எனக்கு வாய் கூசாது."

அதற்குப் பிறகு நான் எடுத்த பங்கு கருவாட்டுக்கும் இல்லை, ஒடியலுக்கும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் இல்லை, இரண்டு நல்ல மனுசிகளை நல்ல மனுசிகளாகவே கரை சேர்த்ததற்கான ஏற்றுக்கூலிதான்.