பானெட்டைச் சூடாக்கப் போனேன்

என் பழைய டீசல் காரில் அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர், எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைக்கும் டர்போ டைமர் மூன்றையும் சேர்த்துப் பொருத்திய தென்காசி எலக்ட்ரீஷியன், “அண்ணாச்சி, இனிமே கியர்ல போட்டு நிறுத்தாதீய. ரிமோட்டை அமுக்குனா வண்டி பாஞ்சிரும்” என்றார். நானோ அலாரத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில், ஏற்றத்தில் நிறுத்தினேன். டைமர் எஞ்சினை அணைக்கும்வரை பொறுக்காமல் நானே அணைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் முதல் கியரில் போட்டு இறங்கினேன். குளித்து வந்த மச்சினன், காருக்கு முன்னால் நின்று ஈரத்துண்டைக் காயவைக்கப் பானெட்டில் விரித்தான்.

“அத்தான், பானெட்டு ஆறிப்போச்சே!”

“இந்தா, சூடாக்குதேன் மாப்ள!” என்று பந்தாவாக ரிமோட்டை அமுக்கினேன்.

வண்டி பாய்ந்தது. அவனுக்குப் பின்னால் பாறை. பம்பர் முட்டியைத் தொட்டபோது எஞ்சின் திணறி நின்றது.

“அத்தான்... ரிமோட்டைக் கீழ வையிங்க” என்றான், துப்பாக்கிக்காரனிடம் கெஞ்சுவதுபோல்.

இப்போதெல்லாம் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைக்கிறேன். ரிமோட் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் மச்சினன் காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்துதான் ஏறுகிறான்.