மாமா மாற்றிச் சொன்ன வார்த்தை

தோப்பும்படியில் எனக்கு இரண்டு ஐஸ் கம்பெனி இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களோ பட்டதாரிகள். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை.

போன வாரம் பேத்தி இங்கிலீஷ் பாடத்தோடு வந்தாள். அப்பியர், எமர்ஜ், சர்ஃபேஸ். கோடிட்ட இடத்தில் எதை எழுதுவது?

"எல்லாம் கண்ணுக்குத் தெரியறதுதானே தாத்தா, எதை எழுதினா என்ன?"

மூன்றும் ஒன்றில்லை. அது எனக்குத் தெரியும்.

நான் அஞ்சாம் வகுப்புப் படித்தபோது நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். கப்பல் சரக்கு ஏற்றும் வள்ளத்தில் அப்பாவுக்கு வேலை. ஒரு மழைநாளில் வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள்; அப்பாவைக் காணவில்லை. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசற்படியிலேயே இருந்தாள். துறைமுகத்து ஆபீசர்களிடம் இங்கிலீஷில் பேச எங்கள் வீட்டில் மாமா ஒருவர்தான்.

மறுநாள் சாயங்காலம் மாமா நனைந்துகொண்டே வந்தார். "எந்தாயி?" என்று, என்ன ஆனதெனக் கேட்டார் பக்கத்து வீட்டுச் சேட்டன். மாமா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "சர்ஃபேஸ்டு" என்றார், வாய்க்குள்ளேயே. தண்ணீருக்கு மேலே மிதந்துவிட்டது என்பதை மலையாளத்தில் 'பொங்கி' என்றிருந்தால் சந்து முழுக்க விளங்கியிருக்கும். அம்மாவுக்கும்தான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பெருசா இங்கிலீஷ் படிக்கறியே, மாமா என்னடா பறையறான்?"

அந்த வார்த்தை எங்கள் பாடத்தில் வந்ததில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அப்பியர்னு வச்சுக்கோடா" என்றார்.

அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். மேகம் விலகினால் நிலா அப்பியர் ஆகும்.

"அப்பா தென்பட்டுட்டாராம்மா!"

"எனக்குத் தெரியும். நீச்சல்ல அவரை யாரு மிஞ்ச முடியும்?" என்று அம்மா எழுந்துவிட்டாள். "வெறைச்சுப் போயில்ல வருவார்" என்று ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். உலர்ந்த வேட்டி ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டாள். மாமா அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சந்தெல்லாம் ஓடி, அப்பா வருகிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது.

திரும்பி வந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா மெல்லக் குனிந்து ஸ்டவ்வை அணைத்தார். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.