சந்தனப் பொட்டு வைத்த ஸ்விட்ச்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவன் நான். பார்ப்பது மட்டும்தான் என் வேலை, தொடும் உரிமை முதலாளியின் மாப்பிள்ளைக்கு. பெங்களூரில் ஏதோ கோர்ஸ் முடித்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், சாமி படத்துக்கு ஒரு சாண் மேலே.

ஆபீஸ் வயர்களும் பேக்கிங் செக்சன் வயர்களும் வந்து சேர்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் புதிதாக வாங்கினார்கள். மாப்பிள்ளை ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து நாலு வரி தட்டினார். வேலை செய்தது. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அன்று அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். ஸ்விட்சை முதலாளியே தன் கையால் அணைத்தார். "வருசம் பூரா ஓடுதுங்க. ஒரு நாளைக்கு அதும் படுக்கட்டும்" என்றார். லேபிள் பிரிண்டரைத் துடைத்துப் பொட்டு வைத்தது, அதில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுத்திருக்க, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

லீவு முடிந்து நான் மதியம் கம்பெனிக்குப் போனபோது, அவள் சாப்பாட்டுப் பையோடு கேட் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து லேபிள் வரவில்லையாம். சாயங்காலம் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். லேபிள் இல்லாமல் ஒரு பெட்டியும் ஏறாது. மாப்பிள்ளை வந்து பார்த்திருக்கிறார். ஸ்விட்சில் பச்சை விளக்கு மினுக்குகிறது, ஆகவே நெட்வொர்க் சரி. ஆகவே பழுது பிரிண்டரில். ஆகவே குற்றவாளி ஈரத்துணி. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

"நான் தண்ணி ஊத்தல அண்ணாச்சி. நல்லாப் பிழிஞ்சுதான் தொடச்சேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் பிரிண்டரில் நேராக லேப்டாப்பைச் செருகினேன். சோதனைக்கு அனுப்பிய லேபிள் சமர்த்தாக வந்து விழுந்தது. அடுத்து லேப்டாப்பைப் பேக்கிங் வயரில் மாட்டிப் பார்த்தேன். அந்த செக்சன் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பதில் சொல்லின. ஆபீசில் இருக்கும் சர்வர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. லேபிளுக்கான விவரம் அதில்தான் இருக்கிறது.

ஆபீஸ் ஒரு நெட்வொர்க், பேக்கிங் இன்னொன்று. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடுகள் மாதிரி. இரண்டும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தாலும், அதில் ஐ.பி. ரூட்டிங் என்ற செட்டிங்கைப் போட்டால்தான் இங்கே வந்ததை அங்கே கொடுக்கும்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ரூட்டிங் எல்லாம் ரவுட்டர் வேலைங்க. ஸ்விட்சுல அது வராதுங்க" என்றார். அவர் விரலாலேயே தட்டிய வரி அது. என்ன தட்டினோம் என்று விரலுக்குத்தான் தெரியும் போல.

கெஞ்சிக் கூத்தாடியதில், என் முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு பாஸ்வேர்டை அடித்தார். உள்ளே பார்த்தால் ரூட்டிங் வரியைக் காணோம். தட்டியவர் அதைச் சேமிக்கவில்லை. மின்சாரம் இருந்தவரை ஸ்விட்ச் ஞாபகம் வைத்திருந்தது, பூஜைக்கு அணைத்ததும் மறந்துவிட்டது. வரியைத் திரும்பத் தட்டி, சேமித்தேன். பேக்கிங்கில் லேபிள் மளமளவென்று வர ஆரம்பித்தது.

முதலாளியிடம் ஓடினேன். பிரிண்டரில் கோளாறே இல்லை, செட்டிங்கைச் சேமிக்காததுதான் காரணம், அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடலாம் என்றேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்தார்.

"புரியுதுங்க தம்பி" என்றார் முதலாளி. "ஆனா மாப்பிள்ளை வாயில வந்துருச்சுங்களே. ஊட்டு மாப்பிள்ளை சொன்ன சொல்லு கீழ உழுந்தா நல்லாருக்குமுங்களா?"

"தப்பு அவரு பண்ணுனதுங்க" என்றேன்.

"நீங்களும் பூஜைக்குப் பொரி வாங்கலீன்னாங்க. போறப்ப வாங்கிக்குங்க."

பொரியாம், பொரி. கேட்டுக்கு வந்தேன். கன்டெய்னர் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் அவளை ஒதுங்கச் சொன்னார், ஒதுங்கினாள்.

"லேபிள் எல்லாம் வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்துருச்சும்மா."

"அப்போ பிரிண்டர்ல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

உள்ளே போகத் திரும்பினாள். நான் வழியை விடாமல் நிற்பதைப் பார்த்து அவளும் நின்றுவிட்டாள். வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் சொல்லி வைக்கிறேன் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அங்கேயும் ஆயுத பூசைக்கு மெசினைத் தொடைக்கச் சொல்லுவாங்களா அண்ணாச்சி?"