அக்காவை உட்கார வைத்த நாற்காலி

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில், நல்ல வெயிலில், ஒரு பஸ் நிறைய ஆட்கள் போன சுற்றுலாவில் நடந்தது. நடந்தது கிளெண்டாவுக்கு. இங்கிலாந்தில், செஸ்டர்ஃபீல்டில் எனக்கு எதிர்வீடு. பொய் சொல்லி அவள் பெயரைக் கெடுத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்றைக்கும் அவள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பார்க்கிறேன். அவள்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கிளெண்டாவுக்கு அறுபத்தாறு வயது. அக்கா மேவிஸுக்கு எழுபத்தைந்து. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு. மேவிஸுக்கு மூட்டுவலி, அதோடு இளைப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, ராத்திரி எழுந்து தலையணையைத் தூக்கி வைப்பது எல்லாம் வருடக்கணக்காகக் கிளெண்டாதான். முகம் சுளிக்காமல் செய்கிறாள் என்று தெருவே மெச்சியது. அவள் உள்ளுக்குள் சுளித்தது தெருவுக்கு எப்படித் தெரியும்?

போன அக்டோபரில், கோட்டைகளையும் தோட்டங்களையும் சுற்றிக் காட்டும் பயணத்தில் கிளெண்டா சேர்ந்தாள். பூக்கள் என்றால் அவளுக்கு உயிர். அக்காவைத் தனியே விட முடியாது, அவளும் கூட வந்தாள். மூன்று நாளும் ஒரே கதைதான். மற்றவர்கள் தோட்டத்தில் திரிவார்கள். இவர்கள் இருவரும் டீ அறையில் உட்கார்ந்து ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருப்பார்கள்.

நாலாவது நாள் தோர்ன்மியர் கோட்டை. வழிகாட்டி டெரன்ஸ் குடையை உயர்த்திப் பிடித்தான்.

"மூணரைக்கு பஸ் கெளம்பிடும். வராதவங்க இங்கேயே குடித்தனம் பண்ணிக்கலாம். வாடகை கெடையாது, குளிருதான் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மாடியில் ஒரு நீளமான கூடம். பாதி தூரம் நடந்ததுமே மேவிஸுக்கு மூச்சு முட்டியது.

"முடியலடி. எங்கேயாவது உக்கார வையி."

"டீ அறை கீழ இருக்கு அக்கா."

"கீழ எறங்கினா அதோட சரி. நான் இங்கேயே இருக்கேன், நீ போய் உன் தோட்டத்தைப் பாரு. மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. உயரமான முதுகு, நிறம் போன பட்டு. நடுவில் ஒரு காய்ந்த முட்பூவை வைத்திருந்தார்கள். இந்த ஊர்ப் பழைய மாளிகைகளில் அதற்கு 'உட்காராதே' என்று அர்த்தம். வாய்விட்டு அதட்டினால் மரியாதை இல்லை என்று முள்ளை வைப்பார்கள். பச்சைக் குழந்தைகூட அதைத் தொடாது.

கிளெண்டா எடுத்துக் கீழே வைத்தாள்.

"பத்தே நிமிஷம். நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதே."

"எங்கேடி ஓடப் போறேன்?"

படி இறங்கும்போதே அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. தோட்டத்தில் டாலியா பூக்கள் தட்டு அகலத்துக்குப் பூத்திருந்தன. யாருக்காகவும் நிற்க வேண்டாம், யார் கையையும் பிடிக்க வேண்டாம். இப்படி நடந்து எத்தனை காலம் ஆயிற்று! அக்கா அந்த நாற்காலியிலேயே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். சிவப்பு ஸ்வெட்டரில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சாம்பல் நிற உடையில் ஒரு பெண், மேவிஸின் தோளில் கை வைத்தபடி நின்றாள். அறைக்கு அறை காவலுக்கு ஆள் இருப்பார்கள்; அவர்களில் ஒருத்தி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலாயிற்று. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுற்றலாம்.

இரண்டாம் முறை பார்த்தபோது அந்தப் பெண் குனிந்து மேவிஸின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று. பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது.

மூன்றாம் முறை பார்த்தாள்.

சிவப்பு ஸ்வெட்டர் நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்துக் கையசைத்தது. நாற்காலியில் இப்போது சாம்பல் உடை. அது கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் அறைந்துகொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை...

ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரும்பி, அடுத்த பாத்திக்குப் போனாள். ரோஜாவைப் பார்த்தாள்.

மூன்றேகாலுக்கு மாடி ஏறினாள். நாற்காலி காலி. முட்பூ பழையபடி நடுவில் இருந்தது. மேவிஸ் பக்கத்தில் நின்றாள்.

"வா, போலாம்."

"அந்தம்மா எங்கே?"

"எந்தம்மா?"

மேவிஸ் முன்னால் நடந்தாள். வேகமாக. கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள்.

இளைப்பு இல்லை. விசில் இல்லை.

விசில் பின்னாலிருந்து வந்தது.

கீ...ங். கீ...ங்.

கூடத்தின் உள்ளேயிருந்து. வருடக்கணக்காகப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட அதே மூச்சு.

கிளெண்டா நின்றாள்.

"பஸ் போயிடும்," என்றது முன்னால் போன குரல்.

கிளெண்டா நடந்தாள்.

பஸ்ஸில் மேவிஸ் உட்காரவில்லை. டெரன்ஸ் வந்தான்.

"உக்காருங்கம்மா. நீங்க நின்னா டிரைவர் வண்டியை எடுக்க மாட்டாரு."

"எவ்ளோ நாளா உக்காந்திருக்கேன் தெரியுமா, தம்பி?"

கிளெண்டா குறுக்கிட்டாள். "பத்து நிமிஷம்தானே அக்கா..."

மேவிஸ் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். கடைசி வரை உட்காரவில்லை; டெரன்ஸ் டிரைவரிடம் கெஞ்சித்தான் வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்தும் அவள் உட்காரவில்லை. நின்றே சாப்பிட்டாள். ராத்திரி ஜன்னலோரம் நின்றாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. சமைத்தாள், புல் வெட்டினாள், மாடியைப் பெருக்கினாள். ஒரு நாள்கூட முனகவில்லை. கிளெண்டா மறுபடி பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். கன்னத்தில் சதை போட்டது. அது அக்கா இல்லை என்று அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்துதான் அது போட்ட டீயைக் குடித்தாள்.

மனம் அரித்துக்கொண்டே இருந்தது. மார்ச் மாதம், அது கடைக்குப் போயிருந்த நேரத்தில், கோட்டைக்குப் போன் செய்தாள். எடுத்தது ரோசலிண்ட் என்ற காவல்காரப் பெண், வாயாடி.

"மாடிக் கூடமா? அங்க நாங்க யாரும் காவலுக்கு நிக்கிறதே இல்லைங்க. எங்க மாமியார் இங்க வேலை பார்த்த காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"ஏன்?"

"ஜன்னல் பக்கம் ஒரு பொண்ணு குரல் கேக்கும். 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்பிடும். நானே கேட்டிருக்கேன். ஆனா பாருங்க, அக்டோபரோட அது நின்னு போச்சு."

கிளெண்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். இப்ப வேற குரல். வயசானவங்க, மூச்சு வாங்குது. 'மணி என்ன, மணி என்ன'ன்னு மட்டும் கேக்குறாங்க. பாவம், யாரையோ எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க போல. ஆமா... நீங்க எதுக்குக் கேக்குறீங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கிளெண்டா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லைங்க," என்றாள். "எனக்கு அங்க யாரும் இல்ல."

இதை அவளே என் சமையலறையில் நின்று, அழுதுகொண்டே சொன்னாள். சொன்னதோடு சரி, பிறகு என்னோடு பேசுவதில்லை. குளிர்காலத்துக்கு மூடியிருந்த தோர்ன்மியர் கோட்டையை ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான்.

கிளெண்டா இன்னும் போகவில்லை.