சனிக்கிழமை நடுத்துண்டு

மீன்துண்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எதிர்ப்பக்கமாகத் தடவிக்கொண்டே போகிறார் லிஃப்ட்காரர். கண்ணை மூடிக்கொள்கிறார். விரல் ஓரிடத்தில் நிற்கிறது. முள்வாங்கியின் நுனியால் முள்ளைப் பிடித்து, அது சாய்ந்திருக்கிற திசையிலேயே மெல்ல இழுக்கிறார். நேராக இழுத்தால் சதை பிய்ந்துவிடும். இந்தச் சிரத்தையெல்லாம் மகளுடைய துண்டுக்கு மட்டும்தான். தம்முடைய துண்டில் முள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மகள் வருவாள். மாலை நாலு மணிக்குப் போய்விடுவாள். கணவனும் மனைவியும் பிரிந்தபோது அப்படித்தான் முடிவாயிற்று. அப்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது பதினாலு. ஆனாலும் இவருக்கு அவள் பாப்பாதான். அந்தச் சனிக்கிழமைகளில் மீன்கடைக்காரம்மா இவர் தலையைக் கண்டதுமே, "வாங்கண்ணே, சால்மன் நடுத்துண்டு ரெண்டுதானே?" என்று கத்தியை எடுத்துவிடுவாள். இவர் பதிலுக்கு மீனின் கண்ணைப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சதையை அழுத்திப் பார்ப்பார். "என்னை நம்ப மாட்டீங்களாண்ணே?" என்றால், "உன்னை நம்பறேம்மா, மீனைத்தான் நம்ப மாட்டேன்" என்பார்.

லிஃப்ட் பழுதுபார்க்கிற தொழில் தந்த குணம் அது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் ஏறியதும் சுவரில் காதை வைத்துவிடுவார். "இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லி அவர்களைக் கதிகலங்க வைப்பார். பரிசோதனைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் முதல் வரியிலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பார். மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். "இருங்க சார், பொடி எழுத்துலதான் விஷயம் இருக்கும்."

சமையல் அவருக்கு வந்த கதை வேறு. மகள் தனியாக வந்த முதல் சனிக்கிழமை, சோறு குழைந்து, பருப்பு அடிப்பிடித்து, பிள்ளை பசியோடு அழுதுகொண்டே போனாள். அடுத்த முறை மீன்கடைக்காரம்மாவிடம் போய் நின்றார். அவள் சொல்லிக்கொடுத்ததுதான் இன்றுவரைக்கும். துண்டின் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுக்க வேண்டும். உப்புத் தடவி, காய்ந்த எண்ணெயில் தோல் கீழே இருக்கும்படி போட்டு, சுருண்டுவிடாமல் கரண்டியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழிருந்து சதை வெளிறிக்கொண்டே ஏறும். கிண்ணத்தில் இரண்டு கரண்டி தேன், ஒரு கரண்டி சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, அரை மூடி எலுமிச்சை. "இதுக்குப் பேரு பாலிஷ். முக்கால்வாசி வெந்த பிறகுதான் ஊத்தணும். அவசரப்பட்டா தேன் கரிஞ்சு கசந்துடும்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார். முதன்முதலாகச் செய்துகொடுத்த அன்று, ஆறு வயதுப் பாப்பா கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு, "இன்னும்" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பி எட்டு வருஷமாக வேறெதுவும் சமைக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை, முள் எடுத்த மீன் அடுப்பில் இருந்தது. பாலிஷை அப்போதுதான் ஊற்றியிருந்தார். மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"ஸ்கூல் டூர்ப்பா. பத்து நாள். திங்கக்கிழமை குடுக்கணும். அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க, நீங்களும் போடணும்."

"அப்போ அடுத்த தடவை வர மாட்டியா?"

"அதுக்கடுத்த வாரம் வந்துடுவேன்ல."

மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல் முதல் வரியிலிருந்து படித்தார். பக்கத்தின் அடியில், உணவு என்று அச்சிட்டிருந்த கட்டத்தில், மகளின் குண்டு குண்டான கையெழுத்து: 'மீன், இறைச்சி சாப்பிடுவதில்லை.'

மறுபடி படித்தார்.

"பாப்பா, இது எப்போலேருந்து?"

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். அதை அவர் அவ்வளவு தூரம் படிப்பார் என்று நினைக்கவில்லை போலும். "போன வருஷம் ஸ்கூல் திறந்ததுலேருந்துப்பா. பிடிக்காம போயிடுச்சு."

"அப்போ இங்க சாப்பிட்டதெல்லாம்?"

"இங்க மட்டும் சாப்பிடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் வரும்போதெல்லாம் நீங்க கண்ணை மூடிக்கிட்டு முள்ளு எடுத்துக்கிட்டு இருப்பீங்க. எப்படிப்பா சொல்றது?"

ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார்ந்தன. மீனை மட்டும் முதலில் விழுங்கி முடித்துவிட்டுத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பாளே, பசி என்றல்லவா நினைத்திருந்தார்.

கருகல் வாடை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பிறகு தன் தட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"போடுங்கப்பா. இன்னிக்குச் சாப்பிடறேன்."

"வேண்டாம் பாப்பா. வேற என்ன சாப்பிடுவே?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. பெற்ற பெண் என்ன சாப்பிடுவாள் என்று அவளிடமே விசாரிக்கிற நிலை.

"முட்டை சாப்பிடுவேன்" என்றாள். அவளே முட்டையை ஒரு கையால் உடைத்து, சட்டியைச் சாய்த்து, ஓரம் முறுகாமல் பொரித்தாள். கை அப்படிப் பழகியிருந்தது. யார் கற்றுக்கொடுத்தது, எப்போது, ஒன்றும் தெரியாது அவருக்கு. வாசற்படியில் நிற்கும் விருந்தாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரிந்துபோன இரண்டு துண்டுகளையும் தம் தட்டிலேயே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கசந்தது.

"டூருக்குப் பயமில்லையே?" என்றார் நடுவில்.

"இல்லப்பா."

"குளிருமோ என்னமோ. போர்வை எடுத்துக்கோ."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலு மணிக்குக் கீழே அம்மாவின் கார் ஹாரன் கேட்டது. மகள் பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள், திரும்பி வந்து, சின்ன வயதில் செய்ததுபோல அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கோவமாப்பா?" என்றாள்.

"சேச்சே" என்றார் லிஃப்ட்காரர். தலையைத் தடவிக்கொடுக்கத் தூக்கிய கைகளை, மீன்வாடை அவள் கூந்தலில் ஒட்டிக்கொள்ளாதபடி, அப்படியே காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.