என் முகத்தைப் பார்த்து எடுத்த பெல்

அறுபதுகளில் ஒருநாள், புது சைக்கிளுக்கு பெல் வாங்கத் திண்டிவனம் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவரும் பெல்தான் தேடினார். ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைக்காரர் சிரித்தார். "அவருக்குக் காது கேக்காதுங்க. உங்க மொகத்தப் பாத்துக்கினுதான் பொறுக்குறாரு."

அடுத்த பெல் கிணுகிணுவென்று இனிமையாக ஒலித்தது. என்னையறியாமல் புன்னகைத்தேன். உடனே அதைக் கீழே வைத்துவிட்டார். அதற்கடுத்தது காதைத் துளைத்தது; முகம் சுளித்தேன். சந்தோஷமாக அதை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற தன் சைக்கிளில் மாட்டப் போனார்.

பாவம், நல்லதை விட்டுவிட்டாரே என்று அந்த இனிய பெல்லை நான் வாங்கி, என் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவை வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மல்லாட்டை வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. நான் அடித்து அடித்துப் பார்த்தும் ஒருவரும் திரும்பவில்லை. திடீரென்று பின்னால் காதைத் துளைக்கும் அதே சத்தம். முதல் ஆளாக ஒதுங்கி வழிவிட்டது நான்தான்.