"ருயின்ட்" என்றால் என்ன?

இன்று மல்லாங்கிணறு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் போனை என்னிடம் நீட்டினார். துபாயில் இருக்கும் மகன் வைத்த ஸ்டேட்டஸ்.

"இங்கிலீசுல போட்டிருக்கான். என்னன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. ஒரு வாரமா நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறான்."

எவ்ரிதிங் இஸ் ருயின்ட். எல்லாம் நாசமாகிவிட்டது.

கான்வென்ட்டில் படித்தவள் நான். எந்தச் சொல்லுக்கும் தவறான பொருள் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அம்மாவுக்குப் புரியக் கூடாது என்றுதானே அவன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான்?

"கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். சட்டையில கறை பட்டாலும் சொல்லுவாக, குழம்பு அடிப்பிடிச்சாலும் சொல்லுவாக" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"அல்லா காப்பாத்துனான்! குழம்பைத்தான் கருக்கியிருப்பான், சோம்பேறிப் பய. நான் வேலைதான் போயிருச்சோன்னு மக கல்யாணத்தைத் தள்ளிப்போட இருந்தேன்."

அங்கேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். "சம்பந்தி, நீங்க சொன்ன தேதியிலயே வச்சுக்கிருவோம்."



இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும்" என்றார்.

எந்த முகத்தோடு போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.